கருடனுக்குக் கோழித்தோல்

கேள்வி: ஐயா, வர்ற ஸ்கூல் லீவுக்கு ரெண்டு குடும்பம் சேந்து லங்காவி போறோம். இந்தத் தடவை சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாம போயிட்டு வரணும்னு பிள்ளைங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. பிளைட் நல்லதா, வேன் நல்லதா? பசுமை ஹோட்டல்னு போட்டிருக்கிறதை நம்பலாமா? கீலிம் ஆத்துல போட்டுல போயி கழுகுக்கு சாப்பாடு போடுறது ரொம்ப நல்லா இருக்குமாம், அதுக்கு நல்ல ஏஜென்ட் யாராவது தெரியுமா?
- ஒரு வாசகி, புக்கிட் ரோத்தான்

பதில்: சகோதரி, மத்த கேள்வியெல்லாம் கொஞ்சம் நிக்கட்டும். கழுகுக்கு சாப்பாடு போடுறதுன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு வேற எதுவும் கண்ணுல படல.

யாரு அந்தக் கழுகு? கீலிம்ல போட்டுக்காரங்க கழுகுன்னு காட்டுறதுல பெரும்பாலானதுக்கு செம்பழுப்பு ரெக்கை, வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு. அது நம்ம கருடன். கும்பாபிஷேகத்துல கலசத்துக்குத் தண்ணி ஊத்துற நேரம் மேல வந்து வட்டம் போடுமே, அத்தனை பேரும் அண்ணாந்து பாத்து கையெடுத்துக் கும்பிடுவோமே, வயசானவங்க கண்ணுல தண்ணி வந்துடுமே, அதே பறவைதான். இங்க அதைக் கும்பிட்டுட்டு அங்க போயி ஒரு வாளி கோழித்தோலை ஆத்துல கொட்டி, போட்டு இஞ்சினை உறும விட்டுத் தண்ணியைக் கலக்கி, அது பாய்ஞ்சு வர்றதை போன்ல புடிச்சு வாட்ஸப்ல போடுறோம். எனக்கு இது ஆகவே ஆகாது, யாரு கோவிச்சுக்கிட்டாலும் சரி.

கருடன் கடலோரத்துல செத்து ஒதுங்கின மீனைத் தின்னும், நண்டைத் தின்னும், சின்ன மீனை மேலாக்க கொத்திக்கிட்டுப் போவும். முழு மீனைத் தின்னா முள்ளும் சேந்து உள்ள போவும், முட்டை ஓடு கெட்டியா இருக்கிறதுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதுலதான் இருக்கு. கோழித்தோல்ல என்ன இருக்கு, வெறும் கொழுப்பு. அதையே தின்னு, அதையே குஞ்சுக்கும் கொண்டுபோயி ஊட்டினா என்ன ஆகும்னு பறவை கவனிக்கிறவங்க ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க. ஒரே எடத்துல தெனமும் தீனி கெடைக்கிறப்போ, பரந்து போயி ஆளுக்கொரு கரையில இரை தேட வேண்டிய பறவையெல்லாம் ஒரு முக்குல வந்து கூடுது, சண்டை போடுது, குஞ்சு வேட்டையாடக் கத்துக்கிறதில்ல. அதோட போட்டு வேகமா சுத்துறப்போ எழும்புற அலை கரையில போயி அடிச்சு அடிச்சு காண்டா மரத்தோட, அதான் உப்புத்தண்ணிச் சேத்துல வளருற அலையாத்தி மரத்தோட, வேர்ல இருக்கிற சேத்தை அரிச்சு எடுத்துடும், வேர் வெளிய தெரியும், மரம் ஆத்துல சாயும். அந்த வேருக்குள்ளதான் எறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளருது. 2007-ல யுனெஸ்கோ லங்காவியை ஜியோபார்க்னு, அதாவது பழமையான பாறைக்கும் மலைக்கும் பேர்போன எடம்னு, அங்கீகரிச்சப்போ கீலிம் சுண்ணாம்பு மலையும் காண்டா காடும் அதுல ஒரு முக்கியமான பகுதி. அந்தப் பேரைப் பாத்துட்டு வர்ற கூட்டமே அந்தக் கரையை அரிக்குது.

இதை நான் எழுதுறது புதுசு இல்ல. முன்னாடி இதே பக்கத்துல எழுதினப்போ டூர் நடத்துற ஒருத்தர் போன் அடிச்சு "ஏன் சார் எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்க, வர்றவங்க கேக்கறாங்க, நாங்க போடுறோம், அவ்வளவுதான் லா"ன்னு கத்தினாரு. அவர் சொன்னதுல ஒரு பாதி உண்மை, வர்றவங்கதான் கேக்கறாங்க. கேக்கறதை நம்ம நிறுத்தினா அவரும் நிறுத்துவாரு, அவருக்குக் கோழித்தோல் மேல பாசமா என்ன. இந்தப் பக்கத்தை அவர் இன்னும் படிக்கிறாருன்னு தெரியும், அதனால திரும்பவும் எழுதுறேன்.

லங்காவி வரைக்கும் ஏன் போகணும், நம்ம கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி மேல ஏறிப் பாருங்க. ஒரு காலத்துல சிலாங்கூர் சுல்தானோட கோட்டை இருந்த எடம், 1784-ல டச்சுக்காரன் வந்து புடிச்ச எடம், பீரங்கி இன்னும் கடலைப் பாத்துக்கிட்டு நிக்குது, அந்தச் சரித்திரத்தை எந்தப் பிள்ளையும் படிக்கிறதில்ல, எல்லார் கையிலயும் பயத்தங்காய் கட்டும் ரொட்டியும் கச்சானும்தான், லோத்தோங் குரங்குக்குக் குடுக்க. லோத்தோங் எலை திங்கிற குரங்கு. அதோட வயிறு மாட்டு வயிறு மாதிரி பல அறையா இருக்கும், எலையை ஊறவெச்சுப் புளிக்கவெச்சு செரிக்கிற வயிறு. அதுல போயி இனிப்பு ரொட்டியைத் திணிச்சா அந்தப் புளிப்பே கெட்டுப்போவும். குட்டி ஆரஞ்சுக் கலர்ல அவ்வளவு அழகா இருக்கும்தான், தலையில வந்து ஏறிக்கும்தான், பிள்ளைங்க சிரிக்கும்தான். ஆனா ஆளைக் கண்டு பயப்படாத குரங்கு ரோட்டுக்கு வரும், காரு அடிக்கும். பத்துமலை படியில பையைப் புடுங்குற குரங்கைப் பாத்து நம்ம ஆளுங்க திட்டுறாங்க, அதுக்குப் புடுங்கக் கத்துக் குடுத்தது யாரு? தலைமுறை தலைமுறையா வாழைப்பழம் நீட்டின நம்ம கைதான்.

வாயில்லா ஜீவனுக்குப் போட்டா புண்ணியம்னு அம்மாமாருங்க சொல்லுவாங்க. அந்த மனசைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது, வீட்டு வாசல்ல காக்காவுக்கு சோறு வெச்சு வளந்த சனம் நம்ம. ஆனா காக்கா ஊரோட வாழுற பறவை, காட்டுல இருக்கிறது அப்படி இல்ல. காட்டு உசுருக்கு நம்ம செய்யக்கூடிய பெரிய புண்ணியம் தள்ளி நின்னு பாக்கறதுதான்.

தள்ளி நிக்காம போனா என்ன ஆகும்ங்கிறதுக்கு திரங்கானு ரந்தாவ் அபாங் கடற்கரை சாட்சி. தோல் முதுகு ஆமை, உலகத்துலயே பெரிய ஆமை, 1950-கள்ல அங்க வருஷத்துக்கு 10,000 கூடு பக்கம் முட்டை போட்டுச்சு. முட்டையை எடுத்துத் தின்னதும் கடல்ல வலையில மாட்டிச் செத்ததும்தான் முக்கியமான காரணம், அதை மறைக்கக்கூடாது. ஆனா அது கரையேறி வர்ற ராத்திரியில டார்ச் லைட்டை அடிச்சுக்கிட்டு, நெருப்பைக் கொளுத்திக்கிட்டு, முட்டை போடுற ஆமையோட முதுகுல ஏறி உக்காந்து படம் புடிச்சதும் சுற்றுலாதான், நம்ம நாட்டு சனம்தான். இன்னைக்கு அந்தக் கரைக்கு அந்த ஆமை வர்றதே அபூர்வம், 99 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு. ஒரே ஆயுசுக்குள்ள நடந்து முடிஞ்ச கதை இது.

சரி, பிளைட்டா வேனான்னு கேட்டீங்க. 2018-ல வந்த ஒரு பெரிய ஆய்வு, உலகத்துல மொத்தமா வெளியாகுற பசுங்குடில் வாயுவுல சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால வருதுன்னு சொல்லுச்சு, அதுல பெரிய பங்கு போக்குவரத்து. பிரிட்டன் அரசாங்கம் வருஷா வருஷம் போடுற கணக்குல உள்நாட்டு விமானத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 250 கிராம் பக்கம் வருது, தூர பஸ்ஸுக்கு 30 கிராம் பக்கம். கிட்டத்துல இருக்கிற ஊருக்குப் பறக்கறது இன்னும் மோசம், மேல ஏறுறதுக்குத்தான் விமானம் எண்ணெயை ஊத்தி எரிக்கும், ஏறி முடிக்கிறதுக்குள்ள எறங்க வேண்டி வந்துடும். அதனால ரெண்டு குடும்பமும் ஒரே வேன்ல நெறைஞ்சு போனா தப்பே இல்ல. ஆளுக்கொரு காருன்னு பாதி சீட்டு காலியா போறதுதான் கூடாது. அதைவிட நல்லது ரயில். சுங்கை பூலோவுல இடிஎஸ் ஏறுங்க, கரண்டுல ஓடுற ரயில், அலோர் ஸ்டார்ல எறங்கினா கோல கெடா ஜெட்டி, ஆராவ்ல எறங்கினா கோல பெர்லிஸ் ஜெட்டி, அங்கேருந்து பெர்ரி. பெர்ரியும் எண்ணெய்தான் குடிக்கும், ஆனாலும் மொத்தத்துல பிளைட்டை விட எவ்வளவோ தேவலை. டிக்கெட்டை முன்னாடியே எடுத்துடுங்க, லீவு நேரத்துல கெடைக்காது. கெடா வயக்காடு ரெண்டு பக்கமும் பச்சையா ஓடுறதைப் பிள்ளைங்க பாக்கட்டும், அதுவும் லீவுதான்.

பசுமை ஹோட்டல் விஷயத்துல நான் அட்டையை நம்புறதில்ல. டவலைத் தொவைக்க வேணாம்னா ஆணியில மாட்டுங்கன்னு எழுதி வெப்பாங்க, நல்லதுதான், மாட்டுங்க. லங்காவிக்குக் குடிதண்ணியே பெர்லிஸ் பக்கத்துலேருந்து கடலுக்கடியில குழாய் போட்டுக் கொண்டு போறாங்க, அதனால தண்ணி சேமிக்கிறது அங்க வெறும் பேச்சு இல்ல. ஆனா புக் பண்றதுக்கு முன்னாடி போன் அடிச்சு ரெண்டு விஷயம் கேளுங்க: கழிவுத்தண்ணி எங்க போவுது, போத்தல்ல தண்ணி ரொப்பிக்க எடம் இருக்கான்னு. பதில் சொல்லத் தெரியாத ஹோட்டல்ல எத்தனை பச்சை எலை படம் போட்டிருந்தாலும் வேண்டாம்.

நீங்க கேக்காத ஒண்ணு, சாப்பாடு. தோட்டத்துல இருந்த காலத்துல லோரி புடிச்சு மோரிப் கடலுக்குப் போவோம், புளிச்சோறு, சம்பல், அவிச்ச முட்டை, எல்லாம் சட்டியில போவும், வாழையிலையில திம்போம், எலையைக்கூட சுருட்டி எடுத்துக்கிட்டு வந்து மாட்டுக்குப் போடுவாங்க. யாரும் எங்களுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கல. இப்ப கோயில் சார்பா பஸ்ஸு புடிச்சுப் போறாங்க, வழியில நிறுத்துற எடத்துல எல்லாம் மினரல் வாட்டர் கார்ட்டன் கார்ட்டனா எறங்குது, பொலிஸ்திரின் டப்பா காத்துல பறக்குது. 2017 ஜனவரி 1-லேருந்து சிலாங்கூர்ல சாப்பாட்டுக்கு பொலிஸ்திரின் டப்பா கூடாது, பிளாஸ்டிக் பைக்கு 20 சென். மாநில எல்லையைத் தாண்டினதும் நம்ம புத்தியும் தாண்டிடுது. ஒரு கோயில் கமிட்டிக்கிட்ட நான் இதுக்காக சண்டை போட்டு அவங்க எங்களுக்கு விளம்பரம் குடுக்கிறதையே நிறுத்திட்டாங்க, பரவாயில்ல, அன்னதானம் பண்ற கையால ஆத்தை அடைக்கக்கூடாதுன்னு இன்னும் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். நீங்க டிபன் கேரியர்ல கட்டிக்கிட்டுப் போங்க, தாப்பாவ் (பார்சல்) பண்ணணும்னா அதையே கடையில நீட்டுங்க.

கடைசியா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. புக்கிட் ரோத்தான்ல இருக்கீங்க, கம்போங் குவாந்தான் உங்க வீட்டுப் பின்னாடி. அங்க மின்மினிப்பூச்சி பாத்திருக்கீங்களா? ஜப்பான்காரன், வெள்ளைக்காரன் எங்கேருந்தோ வந்து பாத்துட்டுப் போறான், நம்ம செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைங்க பல பேரு பாத்ததே இல்ல. சிலாங்கூர் ஆத்தோரம் பெரெம்பாங் மரத்துல ஆயிரக்கணக்குல உக்காந்து, ஆண் பூச்சியெல்லாம் ஒரே தாளத்துல மின்னும், மரம் முழுக்க ஒண்ணா எரியும், ஒண்ணா அணையும். சம்பான்ல துடுப்பு போட்டுத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க, இஞ்சின் சத்தம் கெடையாது, புகை கெடையாது. இதுக்கு பிளைட் வேணாம், பெர்ரி வேணாம், சாயங்காலம் போயிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். நெலா இல்லாத ராத்திரியா பாத்துப் போங்க, மழை பேஞ்சா வேற நாள் போங்க, போனை அணைச்சு பையில போடுங்க, பிளாஷ் அடிக்கவே கூடாது, அந்த வெளிச்சத்துல அது ஜோடியைத் தேடுற அடையாளமே தெரியாமப் போயிடும்.

அந்தப் பூச்சி வாழுறது மரத்துல மட்டும் இல்லைங்கிறதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. அதோட புழு ஆத்தங்கரை ஈர மண்ணுல இருந்து நத்தையைத் தின்னு வளருது. செம்பனை நடறதுக்குத் தண்ணி விளிம்பு வரைக்கும் கரையை வழிச்சு எடுத்தா புழு போச்சு, மரத்தை விட்டு வெச்சும் பிரயோஜனம் இல்ல. ஆத்துக்கு மேல இருக்கிற அணையில தண்ணி அளவுக்கு மேல நின்னு போனா கீழ ஓட்டம் கொறைஞ்சு கடலோட உப்புத்தண்ணி ஏறி அந்தக் கரையே மாறிடும். லங்காவியில நீங்க எவ்வளவு சுத்தமா நடந்துக்கிட்டாலும் இங்க இது நடந்தா நமக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஆத்தோரமா யாராவது கரையை வழிக்கிறதுக்கு அளவு போட்டுக்கிட்டோ மரத்துல பெயிண்ட் அடிச்சுக்கிட்டோ நிக்கிறதைப் பாத்தீங்கன்னா, எந்த எடம்னு எழுதி, படத்தோட எங்களுக்கு அனுப்புங்க. உங்க பேரு வராது, அடுத்த இதழ்ல அதை முதல் பக்கத்துல போடுறோம்.