தண்ணீர் அலமாரிக்கு என்ன வாங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) சனி, ஞாயிறு மட்டும் வாசகசாலை நடத்துகிறோம். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், சாவி எங்களிடம். பிள்ளைகள் இருபது பேர் வரை வருவார்கள். ஆச்சிமார் உட்படப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர். இந்தக் கோடை விடுமுறைக்கு ஒரு தட்டு முழுக்கத் தண்ணீரைப் பற்றிய புத்தகங்களை வைக்க ஆசை. பத்துக்கு மேல் வாங்க வசதியில்லை. எவற்றை வாங்கலாம்? பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சுமார்தான். ஆங்கிலப் புத்தகம் வாங்கினால் வீணாகிவிடுமா? ஒருவர் 'நீரைச் சேமிப்போம்' வகைச் சிறு வெளியீடுகளை ஒரு கட்டுக் கொடுத்திருக்கிறார். அவற்றையும் அடுக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அடுக்க வேண்டாம். பல் துலக்கும்போது குழாயை மூடு, வாளியில் குளி என்று மட்டும் சொல்கிற புத்தகத்தைப் பிள்ளை ஒருமுறை புரட்டிவிட்டு வைத்துவிடும். அதில் அது கேட்க ஒரு கேள்வியும் இல்லை. தண்ணீர்ப் புத்தகம் மூன்று சங்கதிகளில் ஒன்றையாவது சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது, எங்கே போகிறது. கடையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓர் அளவோ, ஓர் இடப்பெயரோ, ஏதாவது வேலை செய்கிற விதமோ கண்ணில் படவில்லையென்றால் திருப்பி வைத்துவிடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. சிறுவர் நூல்கள் பலவற்றில் ஒரே மழைச் சுழற்சிப் படம்தான் இருக்கும்: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனிமலை, நடுவே ஆறு. கண்மாயும் ஊருணியும் கிணறும் அதில் இருக்காது. மழையும் அந்த நூல்களில் ஜூனில் கொட்டும். செட்டிநாட்டில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. இப்படிப் படம் போட்ட நூலை ஒதுக்க வேண்டாம், படத்தில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பிள்ளைகளையே கேளுங்கள். நல்ல வகுப்பு அதிலேயே முடிந்துவிடும்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், படமும் அளவும் நிறைந்த நூலாக இருந்தால் போதும். பெரியவர் ஒருவர் முன்கூட்டியே படித்துவிட்டுத் தமிழில் சொல்லட்டும். பக்கத்துக்கு ஒரு துண்டுத்தாளில் தமிழ் விளக்கம் எழுதிச் செருகிவையுங்கள். மைதாப் பசையால் ஒட்டினால் கரப்பானும் பூச்சியும் வந்து சேரும்.

இப்படிப் பார்த்தால் முதலில் வாங்க வேண்டியது ரோஷெல் ஸ்ட்ராஸ் எழுதிய 'ஒன் வெல்' (2007). உலகத் தண்ணீர் முழுவதையும் ஒரே கிணறாகப் பாவித்து எழுதியது, எட்டு வயதுக்கு மேல். இதை வாசித்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர். அதுதான் உலகத்து நீர் மொத்தமும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் 25 மி.லி. எடுத்து டம்ளரில் விடுங்கள். அது நன்னீர். பாட்டிலில் மிஞ்சியது கடல். அதில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைப் போட்டுக் கரைத்து ஆளுக்கு ஒரு சொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். டம்ளரிலிருந்து 17 மி.லி. எடுத்துத் தனியே வையுங்கள், அது பனி. ஏறக்குறைய ஏழரை மி.லி. நிலத்தடி நீர். ஏரி, ஆறு, கண்மாய், ஊருணி எல்லாம் சேர்ந்து ஒன்றரைச் சொட்டு. இதை 20 லிட்டர் வாளியில் டம்ளரால் மொண்டு செய்து காட்டுபவர்கள் உண்டு. அளவு தப்பிப்போய், கடைசிச் சொட்டு ஒரு கரண்டியாகிவிடும். சிறிய பாட்டிலும், கடைசிச் சொட்டுக்கு 1 மி.லி. சிரிஞ்சும்தான் சரி.

ஆனால் இந்தச் சோதனையோடு நிறுத்தினால் பிள்ளைகள் தவறான கணக்கோடு வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒன்றரைச் சொட்டு செலவழிந்தால் அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். அது இருப்பு. வருஷா வருஷம் வரும் வரத்து வேறு. இருப்புக்கும் வரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லும் சிறுவர் நூல் அருமை. அதற்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டு வளவே, அதாவது முற்றமும் அதன் சுற்றுக்கட்டுமே, போதும்.

செட்டிநாட்டு வீட்டில் உள்பக்கம் சரியும் ஓட்டுக்கூரையின் தண்ணீரெல்லாம் முற்றத்தில் விழும். எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். முற்றம் 6 மீட்டருக்கு 4 மீட்டர், நாலு புறமும் கூரை உள்நோக்கி 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மழை பிடிக்கும் பரப்பு 12க்கு 10, அதாவது 120 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு 2,400 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் சிதறுவதும் ஐந்தில் ஒரு பங்கு என்று தள்ளினால் சுமார் 2,000 லிட்டர். நூறு லிட்டர் அண்டா இருபது நிறையும். பிள்ளைகள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு, ஓட்டின் சரிவோடு டேப்பை ஓட்டி அளப்பது. மழை மேலிருந்து விழுவதால் தரையில் விழும் நிழலின் அளவுதான் கணக்கு. இன்னொரு தவறு, வெளிப்பக்கம் சரியும் கூரையையும் சேர்த்துவிடுவது. அந்தத் தண்ணீர் முற்றத்துக்கு வராது.

மழை பெய்யும் காலத்தில் சேகரித்தும் பார்க்கலாம். முதல் 2 மி.மீ., இந்த வளவுக்கு 240 லிட்டர், தூசியும் காக்கை எச்சமும் கழுவிக்கொண்டு வரும். அதை மடையில் விட்டுவிட்டுப் பிறகுதான் அண்டாவை வைக்க வேண்டும். அண்டாவின் வாயில் நாலாக மடித்த வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். சேர்த்த பிறகு அதே துணியை இறுக்கிக் கட்டாமல் விட்டால் ஒரு வாரத்தில் கொசுப்புழு. குடிப்பதானால் காய்ச்சித்தான்.

மழைமானிக்கு, பக்கவாட்டு நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகினால் போதும். அடி மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போடுங்கள். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைத்தால் அளவு பொய்யாகும். வானிலைத் துறை போலத் தினமும் காலை 8.30க்குப் பாருங்கள். கோடை மழையில் தொடங்கினாலும் கார்த்திகை வரை குறிப்பேடு நின்றுபோகக் கூடாது. பெரியவர்கள் 'ஒரு உழவு மழை' என்பார்கள். அன்று பாட்டில் என்ன காட்டியது என்று அதன் பக்கத்திலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஆச்சிமாரை இந்த வேலையில் இழுத்துவிட இது ஒரு வழி.

வால்டர் விக்கின் 'எ டிராப் ஆஃப் வாட்டர்' (1997) படத்துக்காகவே வாங்க வேண்டியது. சொட்டு விழும் கணம், நீர்ப்பரப்பில் நிற்கும் குண்டூசி, சோப்புக் குமிழி என்று புகைப்படங்கள். குண்டூசியைப் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள், மூழ்கிவிடும். ஊசியில் ஈரமோ கிண்ணத்தில் சோப்புப் பிசுக்கோ இருந்தால் நிற்காது. மெல்லிய தாள் துண்டின் மேல் வைத்து, தாளை மட்டும் மெதுவாக அழுத்தி முழுக வைத்தால் ஊசி நிற்கும். பனித்துகள் பக்கங்களை வேகமாகத் தாண்டலாம்.

பதினோரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு லிண்டா சூ பார்க்கின் 'எ லாங் வாக் டு வாட்டர்' (2010). தெற்கு சூடானில் தினமும் குளத்துக்கு நடந்து தண்ணீர் சுமக்கும் சிறுமியும், உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டு ஓடும் சிறுவனும் மாறிமாறி வருவார்கள். ஆங்கிலம் எளிது, ஆனால் சாவு நிறைய உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது சத்தமாக வாசிக்க வேண்டாம்.

தமிழுக்கு வருவோம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) சிறிய நாவல். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலையும் ஜமுனா, அவள் தங்கை சாயா. பஞ்சத்தைப் பற்றிப் பிரசங்கமே இல்லாமல், அடிபம்பு எத்தனை முறை அடித்தால் எவ்வளவு வரும் என்கிற மட்டத்திலேயே ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிற கை. உங்கள் பெரியவர்கள் கூட்டத்துக்கு இதுவே முதலாக இருக்கட்டும். அடுத்து கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்'. இதைப் படமாகப் பார்த்தவர்கள் அதிகம், நாடகமாக வாசித்தவர்கள் குறைவு. பாத்திரங்களைப் பங்கு போட்டுக்கொண்டு வாசியுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார இந்தத் தட்டில் இதைவிடத் தோதான புத்தகம் இல்லை. நாடகத்தில் வரும் அத்திப்பட்டிக்காரர்கள் மனு எழுதுகிற இடங்களில் நிறுத்தி, உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யார் பராமரிக்க வேண்டும், மனு எங்கே போக வேண்டும் என்று பேசலாம்.

வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. 1959இல் திறந்த வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதை. அணை என்றால் வரம் என்று மட்டுமே பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிய வேண்டும். பெரியாறு அணை பற்றிய அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்' பெரிய புத்தகம், விலையும் அதற்கேற்றபடி. வாங்குவதைவிட மாவட்ட நூலகத்தில் எடுத்து வருவது மேல். சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' (1971) காவிரிப் பயண நூல். அதை வாசித்தபின் தேனாறு, விருசுழி, பாம்பாறு எங்கே புறப்பட்டு எங்கே சேர்கின்றன என்று உங்கள் பிள்ளைகளால் வரைய முடிகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் காவிரி தெரிந்த அளவுக்கு விருசுழி தெரியாது.

கதையல்லாதவற்றில் நக்கீரனின் 'நீர் எழுத்து' தமிழகத்து நீர் வரலாற்றைத் தமிழிலேயே சொல்வது, அதைத் தவறவிட வேண்டாம். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு 'டையிங் விஸ்டம்' (1997), டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டது. நாட்டின் பழைய நீர்ச்சேகரிப்பு முறைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சொல்கிறது, நம் ஏரிகளும் உண்டு. அனுபம் மிஸ்ர ஹிந்தியில் குளங்களைப் பற்றி எழுதிய 'ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்' (1993) காப்புரிமை கோராமல் வெளியிட்டது, அதனால் காசில்லாமலே கிடைக்கும். பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' (1996) நூலில் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் வருகின்றன. செட்டிநாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சீமைகள்.

இவற்றை வாசிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஊருணியில் வெளியே தெரியும் படிகளை வாரம் ஒருமுறை எண்ணி, படியின் உயரத்தால் பெருக்கினால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். அதில் வெயில் குடித்தது எவ்வளவு, தரை குடித்தது எவ்வளவு? கரையில் நிழல் விழாத இடத்தில் நேர்ப்பக்கமுள்ள அகலப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, காக்கையும் நாயும் குடிக்காமல் கம்பிவலை போட்டு மூடி, தினமும் ஸ்கேலால் அளந்து வாருங்கள். சின்னப் பாத்திரம் சீக்கிரம் சூடாகி அதிகம் வற்றும் என்பதால் வந்த அளவை 0.7ஆல் பெருக்குங்கள். அதுதான் ஊருணியில் ஆவியானது. யாரும் தண்ணீர் எடுக்காத வாரத்தில், மொத்த இறக்கத்தில் இதைக் கழித்தால் மிஞ்சுவது கசிவு. தூர்வாரிய பிறகு இந்தக் கசிவு திடீரென்று கூடினால் ஜேசிபி ஆழமாகத் தோண்டி அடிக்களிமண்ணைக் கிழித்திருக்கும். ஆழம் கூடியும் தண்ணீர் நிற்காத ஊருணிகளில் பலவற்றின் கதை இதுதான்.

பழைய பாட்டுகளைத் தனியே சொல்கிறேன். உரையோடு கூடிய புறநானூறு ஒன்று போதும். 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை பெருக்கச் சொல்கிறார். விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் நிலம் எவ்வளவு பரந்திருந்தாலும் அரசனுக்கு உதவாது என்கிறார்: "வித்திவான் நோக்கும் புன்புலம்." வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு உரையே தேவைப்படாது. 192ஆம் பாட்டு கணியன் பூங்குன்றனாருடையது. 'யாதும் ஊரே' என்ற முதலடியோடு நின்றுவிடாமல், கல்லில் மோதி இரையும் ஆற்றில் போகும் புணை வரைக்கும் வாசியுங்கள். பூங்குன்றம் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி திருப்பத்தூர்ப் பக்கம்தானே இருக்கிறது. சிறுபஞ்சமூலத்தில் குளம் தோண்டி, கரையில் மரக்கொம்பு நட்டு, வழி உண்டாக்கி, வயலாக்கி, கிணறும் வெட்டியவன் சொர்க்கம் போவான் என்று ஒரு வெண்பா உண்டு. அந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஊருணிக்குப் போய் எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்து வரச் சொல்லுங்கள். இந்தப் பாட்டுகளெல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உரையோடு கிடைப்பதால், பணம் குறைந்தால் புறநானூற்றையும் விட்டுவிடலாம்.

வாங்கும் வரிசை இதுதான்: 'ஒன் வெல்', 'தண்ணீர்', 'தண்ணீர் தண்ணீர்', 'நீர் எழுத்து', 'எ டிராப் ஆஃப் வாட்டர்'. இந்த ஐந்தும் முதல் மாதத்துக்குத் தாங்கும். நாடகத்துக்கு மட்டும் இரண்டு பிரதி வேண்டும், ஒன்றை வைத்துக்கொண்டு பத்துப் பேர் பங்கு போட முடியாது. மிச்சத்தைக் கூட்டம் எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அச்சில் இல்லாதவற்றுக்குப் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் விசாரியுங்கள். பட்ஜெட்டில் கொஞ்சம் ஒதுக்கி இரண்டு சிரிஞ்சு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், 30 மீட்டர் டேப், கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி அதே தட்டில் வையுங்கள். நோட்டைக் கயிறு போட்டு அலமாரியோடு கட்டிவிட்டால் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.