பேதிப் பொடியும் குடல் கழுவும் கடையும்

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை நோயாளி. பெருங்குடல் புற்றுநோய்க்கு அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. முந்தைய நாள் பேதிப் பொடியை இரண்டு லிட்டர் நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும்; தன்னால் முடியாது என்கிறார். குழாய் வழியே ஒரு மணி நேரத்தில் குடலைக் கழுவித் தரும் நிலையம் ஒன்றை உறவினர் சொல்கிறார். போகலாமா?

பதில்: போகவே கூடாது. கட்டி அரித்த குடல் ஊறிய அப்பளம் போன்றது. கீழிருந்து தண்ணீரை அழுத்தி ஏற்றினால் ஓட்டை விழலாம். அப்படி விழுந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாது, அன்றிரவே வயிற்றைத் திறக்க வேண்டும். ஆள் பிடித்துத் தருபவருக்குத் தரகு கிடைப்பதும் உண்டு. உறவினரிடம் நாசூக்காகக் கேட்டுப் பாருங்கள். மருந்துக் கடைக்காரர் "இதுவும் அதேதான், கொஞ்சம் குடித்தால் போதும்" என்று பாஸ்பேட் பேதி மருந்து பாட்டிலை நீட்டினாலும் வாங்காதீர்கள். வயதானவர்களின் சிறுநீரகத்தை அது கெடுத்திருக்கிறது.

பேதிப் பொடி கலந்த அந்த உப்புத் தண்ணீரை விரும்பிக் குடித்தவரை நானும் பார்த்ததில்லை. முன்கூட்டியே கலக்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கால் மணிக்கு ஒரு டம்ளர், உறிஞ்சுகுழலால். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். கழிவு கட்டியில்லாமல், வெளிர் மஞ்சள் நீராகத் தெளிந்தால் போதும். இடையில் இளநீர், பால் சேர்க்காத தேநீர் தரலாம், மோர் வேண்டாம்.

ஒரு நிலையில் பொடியைத் தொடவே கூடாது. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியவில்லை என்றால் கட்டி குடலை அடைத்திருக்கலாம். மேலிருந்து இரண்டு லிட்டர் ஊற்றினால் அது எங்கே போகும்? "மருத்துவர்தானே எழுதினார்" என்று குடித்து முடித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் எழுதியபோது அடைப்பு இருந்திருக்காது. வாந்தியும் உப்பலும் சேர்ந்து வந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சர்க்கரை மாத்திரைச் சீட்டில் டாபாக்ளிப்ளோசின், எம்பாக்ளிப்ளோசின் போல "க்ளிப்ளோசின்" என்று முடியும் பெயர் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியவை. மற்ற மாத்திரை, இன்சுலின் அளவையும் அவரே சொல்லட்டும். பேதியாகும் நாளில் அடிக்கடி சர்க்கரை பாருங்கள்.

பொடியோடு ஆன்டிபயாடிக் மாத்திரையும் எழுதியிருக்கிறார்களா? அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பதைப் பேதி மட்டும் குறைப்பதில்லை. விழுங்கும் ஆன்டிபயாடிக்கும் சேரும்போதுதான் பலன் தெரிகிறது. இது தெரிந்த பிறகும் பழக்கதோஷத்தில் பொடியை மட்டும் எழுதிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

"இரவு 12 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது" என்பது இன்னொரு பழக்கதோஷம். மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீர் பெரும்பாலானோருக்குத் தரலாம். காலை எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்கு அழைப்பார்கள். பேதியாகிக் கிடக்கும் சர்க்கரை நோயாளி அதுவரை வறண்டு கிடக்க வேண்டுமாம். பட்டியலில் அப்பா எத்தனையாவது என்பதையும், எதுவரை தண்ணீர் தரலாம் என்பதையும் மயக்கவியல் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.