பால்கனியில் ஒரு ஹாம் நிலையம்

கேள்வி: பொழுதுபோக்காக வானலையில் மற்றவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மொட்டை மாடியில் ஆன்டெனா கூடவே கூடாது என்கிறது குடியிருப்போர் சங்கம். கண்ணில் படாமல் ஏதாவது செய்ய முடியுமா ஐயா?
— ஒரு வாசகர், சென்னை-42

பதில்: தாராளமாக. நானும் அடுக்குமாடிவாசிதான், பால்கனியிலிருந்துதான் பேசுகிறேன். மொட்டை மாடிக்காகச் சங்கத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

40 மீட்டர் பேண்டை (அலைநீளம் சுமார் 40 மீட்டராக உள்ள அலைவரிசையை) மறந்துவிடுங்கள். அரை அலைநீளமே 20 மீட்டர் கம்பி கேட்கும். 20 மீட்டர் பேண்டுக்கு 10 மீட்டர் போதும். மோட்டார் காயில் கட்டும் கடையில் மெல்லிய எனாமல் செம்புக் கம்பி கிடைக்கும். பால்கனி மூலையிலிருந்து காம்பவுண்டு வேப்பமரத்துக்குச் சரிவாக இழுத்து, மறுமுனையைத் தூண்டில் நரம்பால் கட்டுங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. (மரமும் பொதுச்சொத்துதானே என்று கேட்காதீர்கள்!) பால்கனி முனையில், கம்பியை ரேடியோ கேபிளோடு பொருத்த, ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) வளையத்தில் 2 சுற்றும் 14 சுற்றுமாகச் சுற்றிய 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். மின்கம்பி போகும் பக்கம் வேண்டவே வேண்டாம். கம்பி நுனிகளில் மின்னழுத்தம் அதிகம், பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. வானம் இருண்டாலே ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

ஆனால் ஒன்று, நம்மை யாரும் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை, காதால்தான் பிடிப்பார்கள். நீங்கள் 100 வாட்டில் மைக்கை அழுத்த, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சீரியலின் உச்சக்கட்டத்தில் கரகரத்தால், அன்றைக்கே செயலாளர் வாசலில் நிற்பார். 5 வாட்டோடு நிறுத்துங்கள். ரேடியோவுக்குப் போகும் கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிடுங்கள், கேபிளின் மேலுறை வழியாக வீட்டுக்குள் வரும் அலை அடங்கும். அந்த வளையத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

5 வாட்டில் குரல் எடுபடுவது கஷ்டம். மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேதம்) தெரிந்தால் நல்லது. இல்லாவிட்டால், கம்ப்யூட்டரே குறுஞ்செய்தியை அனுப்பிப் பெறும் எஃப்டி8. ஸ்டீவ் ஃபிராங்கும், 1993-ல் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் 2017-ல் கொண்டுவந்தது. ஆளுக்கு 15 விநாடியாக மாறி மாறி அனுப்பும் முறை. இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலையும் கம்ப்யூட்டர் தோண்டி எடுத்துவிடும். சாயங்காலம் ஐரோப்பா வரிசையாக வரும். உங்கள் வீட்டு எல்இடி பல்புகளையும் இன்வெர்ட்டரையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள், பாதி இரைச்சல் அங்கேதான் இருக்கும்.

அப்புறம், வாடகை வீடு என்கிறீர்கள். லைசென்ஸில் இருப்பது இந்த முகவரிதானா? பழைய வீட்டு முகவரி என்றால், கம்பி வாங்கப் போவதற்கு முன் அதை மாற்ற விண்ணப்பியுங்கள்.