இருபத்து மூன்றும் எட்டும்

கேள்வி: நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்றவர், ஓட்டப்பந்தய வீரர் உசைன் போல்ட் வென்றதோ 8 மட்டுமே. அப்படியிருந்தும் ‘தலைசிறந்த வீரர்’ என்ற பேச்சு வந்தாலே பத்திரிகைகள் போல்ட்டைத்தான் முன்னிறுத்துகின்றன. மூன்று மடங்கு பெரிய சாதனையை இப்படி மறைப்பது நியாயமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை, அளவுகோலில்தான் பிழை. நெல்லை நாழியால் அளக்கிறோம், துணியை முழத்தால் அளக்கிறோம். நாழிக்கணக்கு பெரிதாக வந்தது என்பதற்காக நெல்லை உயர்த்தி, துணியைத் தாழ்த்தி யாரும் பேசுவதில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு நீச்சல் குளத்தில் மட்டும் 16 போட்டிகள் நடந்தன. தடை தாண்டும் ஓட்டங்களை விட்டுவிட்டால், குறுந்தூர ஓட்டக்காரருக்கு இருந்தவை 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களும் இரண்டு தொடர் ஓட்டங்களுமாக ஐந்தே. ஃபெல்ப்ஸ் அங்கு எட்டில் இறங்கி எட்டையும் வென்றார். போல்ட் 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தலா மூன்று போட்டிகளில் ஓடி, ஒன்றிலும் தோற்கவில்லை; அப்படி வந்த ஒன்பதில் ஒன்று, சக வீரர் நெஸ்டா கார்ட்டரின் ஊக்கமருந்துச் சோதனை முடிவால் 2017இல் பறிபோனது. ஆக, போல்ட்டின் கணக்கு எட்டோடு நின்றதற்கு அவருடைய கால்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மூன்று ஒலிம்பிக்கிலும் இறங்கிய எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தவர் அவர்.

உடலின் கணக்கும் உண்டு. ஃபெல்ப்ஸ் பெய்ஜிங்கில் ஒன்பது நாள்களில் 17 முறை நீந்தினார். நீர் உடலைத் தாங்குவதால் நீச்சல் வீரரால் ஒரே மாலையில் இரண்டு இறுதிப் போட்டிகளைச் சந்திக்க முடிகிறது. முழு வேகத்தில் ஓடுபவரின் ஒவ்வோர் அடியும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு தரையில் இறங்குகிறது. அந்தச் சுமையைப் பின்தொடைத் தசை எத்தனை முறை பொறுக்கும்? 2017இல் லண்டனில், தம் கடைசிப் பந்தயத்தில், போல்ட் காலைப் பிடித்துக்கொண்டு பாதியில் விழுந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு, “நீச்சலில் ஒரே தூரத்தை நான்கு விதமாக நீந்தினால் நான்கு பதக்கம், பள்ளி விளையாட்டு விழாவின் சாக்கு ஓட்டத்தையும் மூன்று கால் ஓட்டத்தையும் ஒலிம்பிக்கில் சேர்த்தால் போல்ட்டும் இருபது வாங்கியிருப்பார்” என்று எதிர்த்தரப்பினர் கேலி பேசுவதுண்டு. அதுவும் அறியாமைதான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 100 மீட்டரை 57 விநாடிக்குள் நீந்திக் காட்டிய ஆடம் பீட்டி, ஃப்ரீஸ்டைலில் உலக முன்வரிசையில் நின்றவர் அல்லர். ஒவ்வொரு முறைக்கும் தோள், இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றின் பழக்கமே வேறு. அந்த நான்கையும் ஒரே பந்தயத்தில் கேட்கும் 200 மீட்டர் தனிநபர் மெட்லியை ஃபெல்ப்ஸ் 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து வென்றார். அவருக்கு முன் எந்த நீச்சல் வீரரும் ஒரே தனிநபர் போட்டியை நான்கு முறை வென்றதில்லை. அவருடைய 23இல் 10 தொடர் நீச்சலில் மூவரோடு பகிர்ந்தவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மொத்த எண்ணிக்கையைவிட இந்த நான்குக்கே நான் அதிக மதிப்பளிப்பேன்.

போல்ட்டிடம் இதற்கு நிகராக வைக்க வேண்டியது பதக்கத்தை அன்று, கடிகாரத்தை. 100 மீட்டர் உலகச் சாதனை 1968இல் ஜிம் ஹைன்ஸின் 9.95 விநாடியிலிருந்து 2007இல் அசாஃபா பவலின் 9.74க்கு இறங்க 39 ஆண்டுகள் ஆயின, குறைந்த நேரம் 0.21 விநாடி. அதற்குப் பின் 2008 மே இறுதியிலிருந்து 2009 ஆகஸ்ட் வரையிலான பதினைந்து மாதங்களுக்குள் போல்ட் ஒருவரே அதிலிருந்து மேலும் 0.16 விநாடியைக் குறைத்தார். பெர்லினில் ஓடிய அந்த 9.58 இன்றும் நிற்கிறது. அதே வாரத்தில் 200 மீட்டரில் ஓடிய 19.19உம் நிற்கிறது.

“ஃபெல்ப்ஸின் தனிநபர் உலகச் சாதனைகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லையே” என்று இதை வைத்து அடுத்த கடிதத்தை எழுதிவிடாதீர்கள். நீச்சலில் பந்தய உடையும், திரும்பியபின் நீருக்கடியில் உதைக்கும் உத்தியும் மாற மாற நேரம் குறைந்துகொண்டே போகும். 2009இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் பாலியூரித்தேன் உடைகளின் தயவால் 43 உலகச் சாதனைகள் விழுந்து, மறு ஆண்டே அவ்வுடைகளைத் தடை செய்ய நேர்ந்தது. ஃபெல்ப்ஸின் தனிநபர் சாதனைகளில் கடைசியாக எஞ்சி நின்ற 400 மீட்டர் மெட்லியின் 4:03.84 மட்டும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 2023இல் ஃபுக்குவோக்காவில் அதை முறியடித்த லியோன் மார்ஷாந்துக்குப் பயிற்சி அளித்தவர், ஃபெல்ப்ஸைச் சிறுவயதிலிருந்து வளர்த்தெடுத்த அதே பாப் போமன்தான். வென்றவருக்குப் பதக்கம் அணிவித்தவர் ஃபெல்ப்ஸ்.