கடிகாரம் யாருடையது என்று கேளுங்கள்

சென்ற வாரம் தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பத்தார், மகளின் மேற்படிப்பைப் பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். தந்தை ஐ.டி. நிறுவனம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். தாய் வங்கி அலுவலர். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூவில் உயிரியல், கணிதம் இரண்டும் சேர்ந்த பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பேச்சைத் தொடங்கியவர் தாய்தான். "என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேருகிற மாதிரி ஒரு வேலை வேண்டும் என்கிறாள் சார். பதினேழு வயதில் பேசுகிற பேச்சா இது? உழைக்க மனமில்லாத பெண்ணாக வளர்த்துவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தந்தையின் கைப்பேசி இரண்டாவது முறையாக அதிர்ந்தது; அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வரும்வரை மகள் வாய் திறக்கவில்லை. வந்து உட்கார்ந்த பிறகுதான், "அப்பாவும் இருக்கும்போது பேசலாம் என்று காத்திருந்தேன்" என்றாள்.

அன்று ஆறுதலாகச் சில வார்த்தைகள் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, அந்த ஆறுதலால் எந்தப் பயனும் இல்லை என்று பட்டது. ஆகவே அந்தப் பெற்றோருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை, அவர்களைப் போன்ற மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உங்கள் மகளிடம் சோம்பலின் அடையாளம் எதையும் நான் காணவில்லை. வேலை ஒரு மனிதரின் நாளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்து கவனித்தவள் அவள். அப்பாவின் இரவுநேர அழைப்புகள் அவருடைய குறையால் வருபவை அல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அலுவலகம் திறக்கும் காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடைக்காலத்தில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. வாடிக்கையாளர் அங்கே இருக்கும்வரை அவருடைய காலைப்பொழுது நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தின் மேல்தான் வந்து விழும். எவ்வளவு நல்ல மேலாளர் வாய்த்தாலும், எத்தனை நேர மேலாண்மைப் பயிற்சிக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. எனவே ஒரு படிப்பைப் பற்றிக் கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்கும் கேள்வி, அந்த வேலை யாருடைய கடிகாரப்படி நடக்கிறது என்பதுதான். சம்பளத்தை அடுத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் பெரியப்பா பரிந்துரைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் படிப்புக்கு வருகிறேன். நீங்கள் காட்டிய கட்டணத் தாளின்படி ஆண்டுக்கு 4 லட்சம் படிப்புக்கும், 1.5 லட்சம் விடுதிக்கும் உணவுக்கும் ஆகிறது. நான்கு ஆண்டுக்கு 22 லட்சம். கையில் இருக்கும் 4 லட்சம் போக 18 லட்சம் கடன் வாங்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். பத்தரை சதவீத வட்டியில், பத்து ஆண்டுத் தவணையில் அதைத் திருப்பிச் செலுத்தினால் மாதம் ஏறத்தாழ 24,300 ரூபாய் ஆகும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளர்களில் பெரும்பாலோருக்குத் தரும் தொடக்கச் சம்பளம் நெடுங்காலமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நின்றிருக்கிறது என்பது, அத்துறையிலேயே இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிடித்தம் போகக் கைக்கு வருவது தவணைக்கே சரியாகப் போய்விடும். கடன் தொகை ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணையும் கேட்கும். அப்போது தாம்பரத்து வீட்டின் பத்திரம்தான் போக வேண்டியிருக்கும்.

இதைப் பணக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும் ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் மேலாளர் இரவுப் பணி பார்க்கச் சொன்னால், அவளால் முடியாது என்று சொல்ல முடியுமா? வார இறுதியையும் எடுத்துக்கொள்ளும் திட்டத்திலிருந்து விலக முடியுமா? உடம்பு முடியாமல் போனால் மூன்று மாதம் நிறுத்திவைத்து யோசிக்க முடியுமா? வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலையை அலுவலகத்தில் போய்த் தேடுகிறோம். அது பெரும்பாலும் கல்லூரிக் கட்டணக் கவுன்ட்டரிலேயே பறிபோய்விடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கணினி அறிவியலில் உண்மையான நாட்டம் உள்ள பிள்ளைக்கு, கட்டக்கூடிய கட்டணத்தில் இடம் கிடைத்தால், மகிழ்ச்சியோடு அனுப்புங்கள் என்று நானே சொல்வேன். உங்கள் மகளுக்கு அந்த நாட்டம் இல்லை, உங்களுக்கு அந்தப் பணமும் இல்லை.

"முதல் பத்து வருஷம் கஷ்டப்பட்டால் பிறகு நிம்மதி" என்று உறவினர்கள் சொல்வதையும் கேட்டேன். அந்தப் பத்து ஆண்டுகளில்தான் திருமணமும் குழந்தையும் வரும், பெற்றோரின் உடல்நிலையும் தளரத் தொடங்கும். பிறகு கிடைக்கும் நிம்மதியால் அவற்றில் எதையும் மீண்டும் நடத்திப் பார்க்க முடியாது. உடல் தரப்பில் கணக்கு இன்னும் கடுமையானது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

பக்கவாதம் என்ற சொல் உங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. தனியாகப் பேசியபோது உங்கள் மகள் என்னிடம் சொன்னதை, அவளுடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, பத்தாம் வகுப்பு விடுமுறை முழுவதும் அவள் அவர் அருகில் இருந்திருக்கிறாள். அட்டைகளை வெட்டி, தண்ணீர்ச் சொம்பு, மின்விசிறி, மூக்குக் கண்ணாடி என்று படம் வரைந்து வைத்திருக்கிறாள். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல முடியாமல் தவித்த தாத்தா, சிறு வயதில் மனப்பாடம் செய்த தேவாரத்தை அவள் எடுத்துக்கொடுத்தால் இரண்டு வரி முழுதாகப் பாடினாராம். "பேச முடியாதவரால் எப்படி சார் பாட முடிந்தது?" என்று என்னிடம் கேட்டாள். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பாட்டு எஞ்சியிருப்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி; அதை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை முறைகூட உண்டு. தானாக அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்த பிள்ளையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

அவள் படிக்க வேண்டியது பி.ஏ.எஸ்.எல்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செவித்திறன் மற்றும் பேச்சு-மொழிச் சிகிச்சைப் பட்டப் படிப்பு. மருத்துவம், செவிலியர், பொறியியல், வணிகவியல் ஆகியவற்றைப் பற்றி உங்களுக்கு வழிகாட்டத் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். அவற்றை நான் விட்டுவிடுகிறேன். இந்தப் படிப்பைப் பற்றி உங்கள் உறவினர்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை என்பதால், இதை விரிவாகவே சொல்கிறேன்.

இது நான்கு ஆண்டுப் படிப்பு; கடைசி ஓராண்டு மருத்துவமனையிலும் சிகிச்சை மையங்களிலும் நேரடிப் பயிற்சி. பொதுவாக நீட் தேவையில்லை. மைசூரில் 1960-களிலிருந்து இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இத்துறையின் தாய்வீடு. அங்கே தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னையில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. அதற்கு மாநிலத் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் பட்டப் படிப்புக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் விண்ணப்பிக்க வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற தனியார் நிறுவனங்களும் நடத்துகின்றன. எந்தக் கல்லூரியானாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு நடப்பில் உள்ளதா என்று கவுன்சிலின் பட்டியலிலேயே பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கவுன்சிலில் பதிவு எண் பெறாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

அரசு இடத்துக்கு ஆகும் செலவு, நீங்கள் காட்டிய கட்டணத் தாளில் இருப்பதன் ஒரு சிறு பங்குதான். அரசு இடம் கிடைக்காமல் தனியாரில் சேர வேண்டி வந்து, அதற்கும் வீட்டை அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால், சேர்க்க வேண்டாம். ஓராண்டு காத்திருந்து நுழைவுத் தேர்வை மறுபடி எழுதட்டும். நல்ல படிப்பு என்பதற்காகக் கடனின் கணக்கு மாறிவிடாது.

வேலை எப்படி இருக்கும்? பயிற்சியில் இருந்த பழைய மாணவி ஒருவரைப் பார்க்கப் போனபோது நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். மூன்று வயதுக் குழந்தை. காது கேளாதவர்களுக்கு ஒலியை உணரச் செய்யும் காக்ளியர் கருவியைக் காதுக்குள் பொருத்தி சில மாதங்கள் ஆகியிருந்தன. மேசை மேல் ஒரு கிண்ணமும் பத்துப் பதினைந்து மரக் கட்டைகளும். மாணவி தன் உதட்டசைவு தெரியாதபடி வாயை மறைத்துக்கொண்டு, "ஆ" என்றார். குழந்தை ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போட்டது. "ஊ", "ஈ", "ம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை. "ஷ்" என்றபோது சிறிது தயங்கிப் போட்டது. "ஸ்" என்றபோது கையில் கட்டையை வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலி இன்னும் எட்டவில்லை, கருவியின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும் என்று மாணவி குறித்துக்கொண்டார். லிங் சோதனை எனப்படும் இந்த ஆறு ஒலிகள் பேச்சொலிகளின் பரப்பு முழுவதையும் தொட்டுவிடுகின்றன. முக்கால் மணி நேரத்தில் குழந்தை களைத்துவிட்டது; அமர்வும் முடிந்தது. அதற்கு மேல் இழுத்தால் பயனில்லை என்பதால் யாரும் இழுப்பதில்லை.

இந்த வேலையின் கடிகாரம் சிகிச்சைக்கு வருபவர் கையில் இருக்கிறது, அவரும் நம் ஊர்க்காரர். "பழம்" என்பதைப் "பளம்" என்று சொல்லும் பிள்ளைக்கு ழகரம் வருவிக்கவும், பேச்சிழந்த பெரியவரின் வாயிலிருந்து "தண்ணி குடு" என்பதை மீட்டெடுக்கவும் தமிழ் வீட்டுமொழியாக உள்ள ஒருவர் வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் இருந்தால் புரையேறாது என்று சொல்பவருக்கு நம் வீட்டுக் கஞ்சி தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையை வேறு நாட்டுக் காலைப்பொழுதுக்கு மாற்றிவைக்க எவராலும் முடியாது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்து இத்துறைக்குப் போனவர்களின் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் மாதம் 20,000 முதல் 30,000 வரைதான். குழந்தைகளின் உடல்நலக் குறைகளை முன்கூட்டியே கண்டறியும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் இயங்கும் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களில் இவர்களுக்கு இடம் உண்டு என்றாலும், பல இடங்களில் அது தொகுப்பூதிய ஒப்பந்தப் பணி. தனியார் மையங்களில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக மாலையிலும் சனிக்கிழமையிலும் அமர்வுகள் இருக்கும். நிலையான இடம் பிடிக்க இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பும் வேண்டியிருக்கும். ஆனால் கடன் இல்லாத 25,000 ரூபாய் முழுவதும் அவளுடைய பணம். சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சொந்தமாக ஒரு சிறு மையம் வைத்தால், எந்த நேரம் திறப்பது என்பதும் அவளுடைய முடிவு.

இதைப் பெண்ணுக்கு ஏற்ற வேலை என்ற எண்ணத்தில் நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய அத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டு, "மாப்பிள்ளை வீட்டில் இதையெல்லாம் ஒரு படிப்பாகச் சொல்ல முடியுமா" என்றும் கேட்டதாக அறிகிறேன். 2019-ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். மகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பதற்காக அந்த 299 நிமிடங்களும் அவள் தலையில் ஏறுமானால், நான் சொன்ன சமநிலை எதுவும் அவளுக்குக் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் அவள் தம்பியையும் இரவுப் பாத்திரங்களைக் கழுவ இந்த வாரமே பழக்குங்கள். மூன்று ஆண்டு கழித்து அவன் படிப்பைப் பற்றிப் பேச வரும்போதும் கடிகாரம் யாருடையது என்றுதான் நான் கேட்பேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பல்கலைக்கழகத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்லியிருக்கும் 50,000 ரூபாய் முன்பணத்தைக் கட்டாதீர்கள். அன்றைய தினம் இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்குப் போங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டு, புறநோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் காலை முழுவதும் உட்கார்ந்திருங்கள். சிகிச்சையாளர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எத்தனை பேரைப் பார்க்கிறார்கள், எப்போது களைக்கிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்று மகளே குறித்துக்கொள்ளட்டும். அவர்களில் ஒருவரிடம் சம்பளத்தையும் கேட்கட்டும். அன்று அப்பாவின் கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன். அவருக்கும் நமக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தை, ஞாயிற்றுக்கிழமை நம் மாலை ஐந்து மணிக்கு வைத்து, அவரிடம் சொல்லிவிடுங்கள்.