பிரான்ஸின் ராணி மரி அந்துவானெத் பற்றிய நாவல்களின் அட்டையில் அவள் முகம் ஏன் பல நேரம் வெட்டப்பட்டிருக்கிறது?

பதிப்புத் துறையில் இதைத் 'தலையில்லா அட்டை' என்பார்கள். படம் கழுத்திலோ மூக்குக்குக் கீழேயோ முடிந்துவிடும். மீதி இடமெல்லாம் பட்டுக் கவுனும் ரிப்பனும்தான்.

காரணம் எளிது. முகத்தைக் காட்டிவிட்டால் 'இவளா ராணி?' என்ற கேள்வி வந்துவிடும். ஜவுளிக்கடையில் தலையில்லாத பொம்மைக்குப் புடவை கட்டி நிறுத்துவார்களே, அதே கதைதான். வெற்றிடத்தில் நம் முகத்தை நாமே பொருத்திக்கொள்கிறோம்.

சரி, நிஜ ஓவியம் போடலாமே? போடுகிறார்கள். ராணியின் ஓவியர் எலிசபெத் விஜே லெ புரன் வரைந்தவை காப்புரிமை இல்லாதவை. 1783-இல் அவர் ராணியை மெல்லிய வெள்ளை மஸ்லின் உடையில் வரைந்தார். 'உள்ளாடையோடு நிற்கிறாள்' என்று பாரிஸ் கொதித்தது. கண்காட்சியிலிருந்து அதை எடுத்துவிட்டு, பட்டுடையில் ஒன்றை வரைந்து வைத்தார்கள். எனக்கு அந்த மஸ்லின் படம்தான் பிடிக்கும். ஆடம்பர ராணி என்ற பிம்பத்துக்கு அது ஒத்துவராது.

அப்புறம் ஒன்று: 1793-இல் கில்லட்டினில் தலை போனதற்கான குறியீடு இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை; தலையோடு வாழ்ந்து முடித்த ராணிகளின் நாவல்களுக்கும் இதே அட்டைதான்.