ஆவணிக்கு முன்னா, பின்னா?

கேள்வி: மகள் பத்திரிகைத் துறைக்குத்தான் போவேன், இனம், சாதி, வரலாறு பற்றித்தான் எழுதுவேன் என்கிறாள். வாய்க்கு வாய் ஐடா வெல்ஸ் என்கிறாள். யார் அவர்? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– ஒரு தாய், பாறசாலை

பதில்: பிழைப்பு கஷ்டம்தான் அம்மா, மறைப்பானேன். அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளரான ஐடாவே பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டுதான் எழுதினார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் இருந்த லட்சணத்தை எழுதியதும் 1891இல் அந்த வேலையும் போயிற்று.

1862இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் அடிமையாகப் பிறந்தவர். மெம்ஃபிஸ் நகரில் ஒரு பத்திரிகையின் பங்குதாரர். 1892 மார்ச்சில் அங்கே ஒரு மளிகைக் கடையைச் சேர்ந்த கறுப்பர் மூவரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றது ஒரு கும்பல். ஒருவர் ஐடாவின் நண்பர். சும்மா இருப்பாரா? எழுதினார். மே மாதம் அவர் ஊரில் இல்லாத நேரத்தில் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள்.

வீரத்தை விடுங்கள், மகளைக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்ணைக் கெடுத்தவனைத்தான் கொல்கிறோம் என்பது கும்பலின் வாதம். ஐடா, வெள்ளையரின் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை வைத்திருந்த கும்பல் கொலைப் பட்டியலையே எடுத்தார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றச்சாட்டே இருந்தது!

அந்தப் பொறுமை எனக்கு இருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகம் பற்றி எழுதும்போது மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் பழைய மனு நகல் காட்டினார்கள். சந்தையில் ரவிக்கையைக் கிழித்தார்கள் என்று மலையாளத்தில் புகார். தேதி, மலையாள நாட்டுக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1034, ஐப்பசி. அதை ஆங்கில ஆண்டாக்க, கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டி 1859 என்று எழுதிவிட்டேன். கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில், அதாவது ஆகஸ்ட் நடுவில்; அதிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரி பிறந்த பிறகுதான் 825. ஐப்பசிக்கு 824தான் கூட்ட வேண்டும். அது 1858. மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859 ஜூலையில். என் கட்டுரையில், உத்தரவு வந்த பிறகும் அடித்ததாக ஆகிவிட்டது. குழித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: "தம்பி, ஆவணிக்கு முன்னா பின்னா என்று பார்த்தீரா?" அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் தலைநிமிரவில்லை.

சரி, பாறசாலைப் பிள்ளை என்றால் மலையாளம் வாசிப்பாள்தானே? கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் பலருக்கும் இல்லாத மூலதனம் அது. பழைய எழுத்தையும் பழகிக்கொள்ளட்டும். கையில் இன்னொரு வேலையும் இருக்கட்டும்.